மழையில் நனைந்த தாலந்து

(ஒரு திருச்சபையின் இசை விழாவில் ஆற்றிய உரை)



அறிமுகம் செய்த தம்பி என்னை 'வயலின் வித்வான்' என்று சொல்லிவிட்டார். அதை முதலில் திருத்திவிடுகிறேன். நான் முப்பத்து நான்கு வருடம் வங்கியில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயலின் வாசிப்பேன். அதையும் நடுவில் இருபத்திரண்டு வருடம் தொடவில்லை. வாத்தியத்தைப் பரணில் போட்டு வைத்திருந்தவனுக்கு வித்வான் பட்டம் அடுக்காது. அந்த இருபத்திரண்டு வருடத்தைப் பற்றியும், அதற்கு முற்றுப்புள்ளி வைத்த ஒரு பழைய ஆங்கிலப் படத்தைப் பற்றியும்தான் பேச வந்திருக்கிறேன். கோவில் விழாவில் சினிமாப் பேச்சா என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் முகம் சுளிப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா, வேதாகமத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மத்தேயு சுவிசேஷம், 25ஆம் அதிகாரம். தூரதேசத்துக்குப் புறப்படுகிற எஜமான் தன் ஊழியக்காரரிடம் ஆஸ்தியை ஒப்படைத்துவிட்டுப் போகிறார். ஒருவனுக்கு ஐந்து தாலந்து, ஒருவனுக்கு இரண்டு, ஒருவனுக்கு ஒன்று. ஞாயிறு பள்ளியில் எல்லாரும் கேட்ட கதைதான். பிரசங்கங்களில் அந்த ஒற்றைத் தாலந்துக்காரன் வரும்போது ஒரு பரிதாபம் தொனிக்கும்: பாவம், அவனுக்குக் கிடைத்ததே ஒன்றுதானே! வங்கிக்காரன் புத்தி, நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாலந்து என்பது ஒரு நிறை. ஒரு தாலந்து வெள்ளி ஏறக்குறைய 6,000 தெனாரியம். நம் பழைய மொழிபெயர்ப்பில் 'பணம்' என்று வருவது அந்தத் தெனாரியம்தான். ஒரு கூலியாளின் ஒருநாள் கூலி. வருடத்துக்கு 300 நாள் வேலை கிடைத்தது என்று வைத்துக்கொண்டாலும் ஒரு தாலந்து 20 வருடச் சம்பாத்தியம். அவன் குழிதோண்டிப் புதைத்தது சில்லறைக் காசில்லை.

ஆங்கிலத்தில் திறமைக்கு 'டேலண்ட்' என்று சொல்கிறார்களே, அந்தச் சொல் இந்த உவமையிலிருந்து போனதுதான். எடைக்கல்லின் பெயர் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் பெயராகிவிட்டது. நம் வீடுகளிலும் அப்படியே. வெளியே 'அந்தப் பொண்ணுக்கு நல்ல திறமை' என்பார்கள். நாம் 'ஆண்டவர் அவளுக்கு நல்ல தாலந்து குடுத்திருக்கார்' என்போம்.

உவமையில் இரண்டு இடங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எஜமான் மூன்றாமவனைச் சோம்பேறி என்று கடிந்துகொள்கிறார். ஆனால் அவன் தன் வாயால் சொல்லும் காரணம் வேறு. பயந்துபோய்ப் புதைத்தேன் என்கிறான். இது ஒன்று. முதல் இருவருக்கும் எஜமான் கொடுப்பது என்ன? இன்னும் பெரிய வேலை. அதோடு, தன் சந்தோஷத்துக்குள் வந்து சேரச் சொல்கிறார். சால்வை கிடையாது, கேடயம் கிடையாது. சந்தோஷம்தான் கூலி. இது இரண்டாவது. (போகிறபோக்கில் ஒன்று: வங்கியிலாவது போட்டிருக்கக்கூடாதா, வட்டியாவது வந்திருக்குமே என்றும் எஜமான் கேட்கிறார். முப்பத்து நான்கு வருடம் கவுண்டரில் உட்கார்ந்த எனக்கு அந்த வசனத்தின்மேல் தனிப் பிரியம் உண்டு.)

இனி என் புதையலுக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் உபதேசியார் எனக்கு ஒன்பது வயதில் வயலின் கையில் கொடுத்தார். மாலை ஜெபம் முடிந்ததும் அவர் வீட்டுத் திண்ணையில் பாடம். கீர்த்தனைகளைக் காதால் கேட்டு வாசிப்பேன். பாமாலைப் பாட்டுகளை நொட்டேஷன் பார்த்து வாசிப்பேன். பதினைந்து வயதில் டவுனில் ஒரு போட்டிக்கு அனுப்பினார். மேடை ஏறினேன். முதல் நீளமான ஸ்வரத்திலேயே வலது கை நடுங்கியது. மற்ற வாத்தியங்களில் நடுக்கத்தை எப்படியோ ஒப்பேற்றிவிடலாம். வயலினில் வில் நடுங்கினால் ஆடு கத்துகிற மாதிரி கேட்கும். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். முடிந்ததும் நடுவர் ஒலிபெருக்கியிலேயே சொன்னார்: "தம்பிக்குக் கை நல்ல கை. மேடைக்குத்தான் ஆகாது." மூன்று பேர் கலந்துகொண்ட போட்டியில் எனக்கு மூன்றாம் பரிசு. ஒரு சோப்பு டப்பா.

அன்றைக்குப் பெட்டியை மூடினேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அப்பா திட்டவில்லை. உபதேசியார் இரண்டுமுறை வீடு தேடி வந்து கூப்பிட்டார். பரீட்சை இருக்கிறது என்றேன். அடுத்த வருடமும் பரீட்சை இருந்தது. பிறகு வேலை, கல்யாணம், இடமாற்றம். பெட்டி மட்டும் ஒவ்வொரு வீட்டுப் பரணுக்கும் கூடவே வந்தது.

1997இல் ஐப்பசி அடைமழை. கூட வேலை பார்த்த ஒருவர் ஆங்கிலப் படப் பைத்தியம். அவர் கொடுத்த வீடியோ கேசட் ஒன்று வீட்டில் கிடந்தது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள், மகள் நச்சரிக்கிறாள் என்று போட்டேன். 'சிங்கிங் இன் த ரெய்ன்'. 1952இல் எம்.ஜி.எம். நிறுவனம் எடுத்தது. ஜீன் கெல்லியும் ஸ்டான்லி டோனனும் சேர்ந்து இயக்கியது. கதாநாயகனும் கெல்லிதான்.

கதை 1927இல் நடக்கிறது. ஹாலிவுட்டில் ஊமைப்படக் காலம் முடிகிற தறுவாய். அந்த வருடம் அக்டோபரில் 'ஜாஸ் சிங்கர்' என்ற படம் பேசியும் பாடியும் வந்து எல்லா ஸ்டூடியோக்களின் தூக்கத்தையும் கெடுத்தது. நான்கே வருடத்தில், 1931 அக்டோபரில், நமக்கும் 'காளிதாஸ்' என்ற பேசும்படம் வந்துவிட்டது. அதில் டி.பி. ராஜலட்சுமி தமிழில் கேட்பார், கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்வார். ஆக, 'சிங்கிங் இன் த ரெய்ன்' சிரித்துக் காட்டுகிற குழப்பம் நாமும் அனுபவித்ததுதான்.

படம் ஒரு பெரிய பொய்யோடு தொடங்குகிறது. டான் லாக்வுட் என்ற ஊமைப்பட நட்சத்திரம். புதுப்பட வெளியீட்டு இரவு, தியேட்டர் வாசலில் ரசிகர் கூட்டம், முன்னால் மைக். தான் சிறுவயதிலிருந்து உயர்ந்த கலைகளில் வளர்ந்தவன், கௌரவத்துக்குக் குறைவான எதையும் செய்ததே இல்லை என்று அளக்கிறார். அவர் பேசப்பேசத் திரையில் நாம் பார்ப்பது வேறு. பில்லியர்ட்ஸ் கூடத்தில் காசுக்கு ஆடுகிற பையன். ஊர் ஊராகப் போய் மட்டமான மேடைகளில் கூட்டாளி காஸ்மோவோடு கால்தட்டி ஆடி, சபையோரிடம் ஏச்சு வாங்குகிற வாலிபன். படப்பிடிப்பில் உயிரைப் பணயம்வைத்து விழுந்து எழும்புகிற சண்டை ஆள். அதெல்லாம் சிரிப்பாகத்தான் இருக்கிறது. மகளும் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதனுக்கு ஆடத் தெரியும். அதுதான் அவனுடைய தாலந்து. ஊரறிந்த நடிகனான பிறகு அதைச் சொல்ல அவனுக்கு வெட்கம். சில்க் சட்டைக்கு அடியில் புதைத்து வைத்திருக்கிறான்.

பேசும்படம் வருகிறது. டானும் அவருடைய ஜோடி நடிகை லீனா லாமாண்டும் நடிக்கிற சரித்திரப் படத்தை அவசர அவசரமாகப் பேசவைக்கிறார்கள். முன்னோட்டக் காட்சியில் மானம் போகிறது. லீனாவின் முத்துமாலை உரசுகிற சத்தம் இடிபோலக் கேட்கிறது. உதடு ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கம். உருக வேண்டிய காதல் காட்சியில் சபையோர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். டானுக்கு, என் மொழியில் சொன்னால், வில் நடுங்கிவிட்டது.

அடுத்து வரும் காட்சியை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. பின்னிரவு. வெளியே மழை. டானும் காஸ்மோவும், கேத்தி என்ற இளம் நடிகையும் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். என் பிழைப்பு முடிந்தது என்கிறார் டான். பழைய மேடைக்கே திரும்பிப் போகலாமே என்று ஒரு பேச்சு வருகிறது. அவரும் விரக்தியில் எழுந்து, அந்தக் காலத்தில் ஏச்சு வாங்கிய அதே ஆட்டத்தை அழுகிற மூஞ்சியோடு நாலு அடி ஆடிக் காட்டுகிறார். இதைப் படத்தில் செய்திருந்தாலாவது ஜனங்களுக்குப் பிடித்திருக்கும் என்று கசப்பாக ஒரு கேலி. கேத்தி விடவில்லை. ஏன் செய்யக்கூடாது, அதையே பாட்டும் ஆட்டமுமாக மாற்றிவிடலாமே என்கிறாள்.

வெட்கப்பட்டு ஒளித்த சாமான்தான் வீட்டைக் காப்பாற்றப் போகிறது. அவருக்கு உடனே பொறிதட்டவில்லை. கேலிக்காகத்தான் ஆடினார். ஆனாலும் கால் அடியை மறக்கவில்லை. உங்களில் எத்தனையோ பேருக்கு அப்படி ஒன்று உண்டு: சமையலறையில் முணுமுணுக்கிற பாட்டு, கல்யாண வீட்டில் யாரும் பார்க்காதபோது போடுகிற கோலம், பேரப்பிள்ளைக்கு நோட்டின் பின்பக்கத்தில் வரைந்து காட்டுகிற யானை. கேட்டால் 'அதெல்லாம் சும்மா' என்பீர்கள்.

பிறகுதான் அந்த மழைப்பாட்டு. கேத்தியை அவள் வீட்டு வாசலில் விட்டுவிட்டு வருகிறார். காத்திருந்த டாக்ஸியைப் போகச் சொல்லிவிடுகிறார். கையில் குடை இருக்கிறது. மடக்கித் தோளில் சாய்த்துக்கொள்கிறார். விளக்குக் கம்பத்தில் தாவி ஏறி ஒற்றைக் கையில் தொங்குகிறார். கூரைக்குழாயிலிருந்து கொட்டுகிற தண்ணீரில் முகத்தை நீட்டுகிறார். நடைபாதை விளிம்பில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே என்று குழந்தைபோல் நடக்கிறார். கடைசியில் தேங்கிய தண்ணீரில் இரண்டு காலையும் போட்டு மிதிக்கிறார், கன்றுக்குட்டி துள்ளுகிற மாதிரி. நாலைந்து நிமிடம் கைதட்ட ஆளில்லை. அந்த வழியாகப் போகிற ஒன்றிரண்டு பேரும் குடைக்குள் தலையை ஒளித்துக்கொண்டு ஓடுகிறவர்கள்.

மகள் அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவள், திரும்பி என்னிடம் கேட்டாள்: "இப்படி நனைஞ்சா இவருக்குக் காய்ச்சல் வராதாப்பா?"

சினிமாக்காரர்களுக்கு வராது என்று சொல்லி வைத்தேன். பல வருடம் கழித்துத்தான் உண்மை தெரிந்தது. அந்தக் காட்சியில் ஆடும்போதே கெல்லிக்கு 103 டிகிரி காய்ச்சல். பகல் வெளிச்சத்தில், தெருவின்மேல் கறுப்புத் தார்ப்பாய் கட்டி இரவாக்கி எடுத்தார்கள். எந்த இடத்தில் தண்ணீர் தெறிக்க வேண்டுமோ அந்த இடங்களில் தரையைத் தோண்டிப் பள்ளம் வைத்தார்கள். மழைத்தாரை கண்ணுக்குத் தெரிய பாலைக் கலந்தார்கள் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அது கட்டுக்கதை. பின்னாலிருந்து விளக்கு போட்டார்கள், அவ்வளவுதான். ஈரத்தில் காலணித் தட்டல் சரியாகக் கேட்காது என்பதால் அந்த ஒலியைப் பிற்பாடு தனியாகப் பதிவுசெய்து சேர்த்தார்கள். இத்தனை ஏற்பாட்டுக்கும் காய்ச்சலுக்கும் நடுவில்தான் அந்தக் குதூகலம். மனம் நன்றாயிருந்தால் தாலந்தைக் கையிலெடுக்கலாம் என்று காத்திருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். எடுத்த பிறகுதான் மனம் வந்து சேருகிறது. இது என் அனுபவம்.

பாட்டு முடிகிற நேரம் ஒரு போலீஸ்காரர் வந்து நிற்கிறார். கையைக் கட்டிக்கொண்டு ஒரு பார்வை. தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்த மனிதர் பள்ளிப் பையனைப் போல அடங்கி நிற்கிறார். எனக்கு அங்கே சோப்பு டப்பா ஞாபகம் வந்தது. அந்த ஒலிபெருக்கி, அந்த நடுவர். ஆனால் டான் என்ன செய்கிறார்? தான் ஆடுவதும் பாடுவதும்தான் என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறார். எதிரே நனைந்துகொண்டு வருகிற யாரோ ஒருவர் கையில் குடையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். போலீஸ்காரருக்கு அவ்வளவு மரியாதை போதும். நான் அந்த நடுவருக்கு இருபத்திரண்டு வருடத்தைக் கொடுத்திருந்தேன்.

இந்த ஜீன் கெல்லியின் சொந்தக் கதையும் இதற்கு ஒத்துத்தான் போகிறது. பிட்ஸ்பர்க் நகரத்துக்காரர், 1912இல் பிறந்தவர். எட்டு வயது வாக்கில் அம்மா அவரையும் அண்ணனையும் நடன வகுப்பில் சேர்த்துவிட்டார். தெருப் பையன்கள் 'பொட்டச்சி ஆட்டம்' என்கிற தினுசில் கேலி செய்ய, தினமும் அடிதடி. நிறுத்திவிட்டார். அவருக்குப் பேஸ்பால் ஆட்டக்காரர் ஆக வேண்டும் என்றுதான் ஆசை. மறுபடி நடனத்துக்கு வந்தபோது வயது பதினைந்து. பொருளாதாரத்தில் பட்டம் வாங்கிக்கொண்டே குடும்பத்தோடு நடனப் பள்ளி நடத்தினார். அவர் ஆட்டத்தில் இன்றைக்கும் ஒரு விளையாட்டு வீரனின் தோள் தெரியும். கேலி செய்தவர்களுக்கு அந்தத் தோள்தான் அவருடைய பதில் போலிருக்கிறது.

அந்தப் படத்தின் பாட்டுகளில் பெரும்பாலானவையும்கூடப் பரணில் கிடந்தவைதான். ஆர்தர் ஃப்ரீட் எழுத, நேசியோ ஹெர்ப் பிரவுன் இசையமைத்த பழைய பாட்டுகள். அந்த மழைப்பாட்டே 1929இல் வந்த ஒரு படத்தில் முதலில் ஒலித்தது. ஃப்ரீட் பிற்காலத்தில் தயாரிப்பாளராகி, பெட்டி காம்டன், அடால்ஃப் கிரீன் என்ற இரட்டை எழுத்தாளர்களிடம் தன் பழைய பாட்டுகளைக் கொடுத்து, இதை வைத்து ஒரு கதை பண்ணுங்கள் என்றார். பாட்டுகள் எந்தக் காலத்தைச் சேர்ந்தவையோ அந்தக் காலத்தையே கதையாக்கினார்கள். படம் வந்த வருடம் ஆஸ்காரில் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டே பரிந்துரை, பரிசு இல்லை. 2006இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் சிறந்த இசைப்படங்களை வரிசைப்படுத்தியபோது முதலிடம் இதற்குத்தான்.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும். ஆண்டவர் கொடுத்த தாலந்து என்றால் அது பிறவியிலேயே வந்துவிடுமே, பாடுபடுவானேன்? ஔவையார் பேரில் வழங்குகிற ஒரு தனிப்பாடல், எது பழக்கத்தால் வரும், எது பிறவியோடு வரும் என்று பங்கு பிரித்துச் சொல்கிறது. ஓவியத்தை அது பழக்கத்தின் பக்கத்தில்தான் வைக்கிறது. நான் ஔவையார் கட்சி. ஏனென்றால் கேத்தியாக நடித்த டெபி ரெனால்ட்ஸ் கதை அப்படி.

அந்தப் பெண்ணுக்கு அப்போது 19 வயது. ஜிம்னாஸ்டிக்ஸ் தெரியும், நடனக்காரி இல்லை. இரண்டு பக்கமும் கெல்லி, காஸ்மோவாக நடித்த டொனால்ட் ஓ'கானர் என்று சிறுவயதிலேயே ஆடத் தொடங்கியவர்கள். நடுவில் இவர். கெல்லி கடுமையான வாத்தியார், வார்த்தையால் குத்துவார். ஒருநாள் தாங்க முடியாமல் ஒத்திகைக் கூடத்தில் ஒரு பியானோவுக்கு அடியில் போய்ப் படுத்து அழுதுகொண்டிருந்தார் டெபி. அந்தப் பக்கமாக வந்தவர் ஃபிரெட் அஸ்டேர். நடனத்தில் கெல்லிக்குச் சமமாகச் சொல்லத்தக்க ஒரே பெயர். அவர் ஆறுதல் வார்த்தையோடு நிறுத்தவில்லை. வா, என் ஒத்திகையைப் பார் என்று கூட்டிப்போனார். யாரையும் உள்ளே விடாதவர். அங்கே போய்ப் பார்த்தால் அந்த மகா கலைஞரும் வியர்த்து, முகம் சிவந்து, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்து, தன்மேல் தானே எரிச்சல்பட்டுக்கொண்டிருக்கிறார். டெபிக்கு அன்றைக்குக் கிடைத்தது அதுதான்: அவருக்கும் இப்படித்தான்!

மூவரும் சேர்ந்து ஆடுகிற காலை வணக்கப் பாட்டு ஒன்று உண்டு. மழைக்கோட்டை வைத்து விளையாடி, சோபாவைக் கவிழ்த்துச் சிரிப்பார்கள். அதைக் காலை 8 மணிக்குத் தொடங்கி இரவு 11 வரைக்கும் எடுத்தார்கள். முடிந்தபோது டெபியின் பாதத்தில் ரத்தம். பிள்ளை பெற்றதும் இந்தப் படத்தில் நடித்ததும்தான் தன் வாழ்க்கையின் இரண்டு கடினமான காரியங்கள் என்று பிற்பாடு சொன்னார். திரையில் அந்த வலியின் சாயல்கூட இல்லை. கெல்லியின் கடுமையை நான் மெச்ச மாட்டேன். அவரே பின்னாளில் அந்தப் பெண்ணிடம் நல்லபடியாக நடந்துகொள்ளவில்லை என்று ஒத்துக்கொண்டார். பாடகர் குழு நடத்துகிறவர்கள் கெல்லியாக இருக்க வேண்டாம், அஸ்டேராக இருங்கள். பிள்ளைகள் நீங்கள் தப்பு விடுகிறதையும் பார்க்கட்டும்.

படத்தில் எனக்கு மனத்தாங்கல் ஒன்று உண்டு. லீனா லாமாண்டின் கீச்சுக்குரல் பேசும்படத்துக்கு ஆகாது. அதனால் திரைக்குப் பின்னால் கேத்தி குரல் கொடுக்கிறாள். கடைசிக் காட்சியில் லீனா மேடையில் வாயசைத்துக்கொண்டிருக்கும்போது திரையைத் தூக்கிவிடுகிறார்கள். பின்னால் நின்று பாடுகிற கேத்தி எல்லார் கண்ணிலும் படுகிறாள். நியாயம் ஜெயித்தது என்று சபை கைதட்டுகிறது. நல்லது. ஆனால் நிஜத்தில் நடந்தது என்ன தெரியுமா? லீனாவாக நடித்த ஜீன் ஹேகனுக்கு அருமையான குரல். கேத்தி லீனாவுக்காக வசனம் பேசுவதாக வருகிற இடத்தில் ஒலிப்பது ஜீன் ஹேகனின் சொந்தக் குரலேதான்! அதேபோல கேத்தி பாடுவதாக வருகிற பாட்டு ஒன்றைப் பாடியவர் பெட்டி நோய்ஸ் என்ற பின்னணிப் பாடகி. மறைக்கப்பட்ட குரலுக்கு நியாயம் கேட்கிற படம், தனக்குக் குரல் கொடுத்தவரின் பெயரை எழுத்தில் போடவில்லை.

நம் ஊரிலும் இந்தக் கதை உண்டு. 1945இல் ஏவி. மெய்யப்பச் செட்டியார் 'ஸ்ரீவள்ளி' எடுத்தார். வள்ளியாக நடித்த ருக்மிணியின் பாட்டு அவருக்குத் திருப்தியாக இல்லை. பிற்பாடு பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து ஒலியை மாற்றினார். படம் சக்கைப்போடு போட்டது. தியேட்டரில் கைதட்டியவர்கள் யாருக்காகத் தட்டினார்கள் என்று நான் யோசிப்பதுண்டு. அடுத்தவர் தாலந்தை நம்முடையதாகக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதும் தாலந்து விஷயத்தில் சேர்த்திதான். நம் குழுவில் பின்வரிசையில் நின்று ஆல்ட்டோ பாடுகிற அக்காக்களின் பெயரை விழா அழைப்பிதழில் இதுவரை போட்டதில்லை என்பதை இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன். போதகர் ஐயரவர்கள் தலையாட்டுகிறார்கள்.

கேசட் முடிந்தது. மழை விடவில்லை. நாற்காலி போட்டுப் பரணில் ஏறினேன். பெட்டியின் பித்தளைக் கொக்கி பச்சை பூத்திருந்தது. திறந்தால், இரண்டு தந்தி அறுந்து சுருண்டு கிடந்தது. குதிரை சாய்ந்து விழுந்திருந்தது. பிருடைகள் இறுகிப்போய் அசையவில்லை. வில்லில் முடியைப் பூச்சி அரித்து, கிழவர் தாடி போல ஏழெட்டு இழை மிச்சம். ரோசின் கட்டி மட்டும் அப்படியே இருந்தது, மோந்து பார்த்தேன். உபதேசியார் வீட்டுத் திண்ணை மணம். உபதேசியார் இறந்து அப்போது ஆறு வருடம்.

பழுதுபார்த்துக் கைக்கு வர மூன்று வாரம் ஆயிற்று. முதல் நாள் வாசித்தபோது அடுக்களையிலிருந்து மனைவியின் குரல் வந்தது: "என்னங்க, பின்னால யாரு வீட்டு ஆடு வந்திருக்கு?" சத்தியமாக அப்படித்தான் கேட்டாள். பதினைந்து வயதில் அந்தச் சிரிப்புக்குப் பயந்து ஓடியவன், முப்பத்தேழு வயதில் நானும் சேர்ந்து சிரித்தேன். அன்று இரவு ஒரே கீர்த்தனையை, வேறு எதுவும் ஞாபகத்துக்கு வராததால், பதினோரு தடவை வாசித்தேன். மகள் முதல் மூன்று தடவைக்குப் பிறகு தூங்கிவிட்டாள். யாருக்கும் வாசிக்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். படுக்கும்போது அது சரியில்லை என்று பட்டது. கொடுத்தவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

வில் இன்றும் சில சமயம் நடுங்கும். போன கிறிஸ்துமஸ் ஆராதனையில் நடுங்கியது உங்களில் சிலருக்குக் கேட்டிருக்கும். விரல் பழைய வேகத்துக்கு வரவே இல்லை; இனி வராது. பதினைந்தில் விட்டதை முப்பத்தேழில் எடுத்தால் விட்டது விட்டதுதான். அதற்கு வருத்தப்பட்டு முடித்துவிட்டேன். இரண்டாம் வயலின் வாசிக்க அந்தக் கை போதும்.

நேரம் ஆகிவிட்டது, காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது. ஒரு விண்ணப்பத்தோடு உட்காருகிறேன். இந்தக் கோவிலில் எந்தெந்த வீட்டுப் பரணில் வயலின் பெட்டி இருக்கிறது, யார் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஆர்மோனியம் இருக்கிறது என்று எனக்கு ஓரளவு தெரியும். பெயர் சொல்லப் போவதில்லை. சனிக்கிழமை மாலை 5 மணிக்கு ஞாயிறு பள்ளி அறையில் இருப்பேன். எந்த நிலையில் இருந்தாலும் எடுத்துக்கொண்டு வாருங்கள். தந்தி நான் வாங்கி வைத்திருக்கிறேன். வில்லுக்கு முடி மாற்ற மட்டும் வெளியூருக்கு அனுப்ப வேண்டும். அதற்கு மூன்று வாரம் ஆகும்.